சாட்சி சொல்லும் புரதம்

1979-ஆம் ஆண்டில் டோபின் முதலிய மூவர் வெளியிட்ட புரத ஒற்றுமுறையைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன். புரதக் கலவையை ஜெல்லில் மின்னோட்டத்தால் எடைவாரியாகப் பிரித்து, மெல்லிய சவ்வில் ஒற்றியெடுத்து, தேடும் புரதத்தை அதற்குரிய எதிர்ப்பொருளால் கண்டறிவர்.

ஆசிரியத் தொழிலின் வழக்கப்படி வினாவொன்று கேட்கிறேன். மருந்திட்ட உயிரணுக்களின் பட்டை தடித்துத் தோன்றினால், அப்புரதம் பெருகிற்று என்று சொல்லிவிடலாமா? ஆகாது. அக்குழியில் கலவையையே மிகுதியாக இட்டிருக்கலாமன்றோ! ஆதலின், உயிரணுக்களில் ஏறக்குறைய மாறாதிருக்கும் ஆக்டின் போன்ற புரதமொன்றையும் அதே சவ்வில் அதன் எதிர்ப்பொருளால் அளப்பர். ஆக்டின் இரண்டிலும் ஒத்திருந்தால், இட்ட அளவும் ஒத்ததெனக் கொள்ளலாம்.

ஆனால் சாட்சியையும் விசாரிக்க வேண்டும் என்பேன். ஆக்சிஜன் குறைந்தால் ஜிஏபிடிஎச் என்னும் நொதி சில உயிரணுக்களில் பெருகும். அவ்வகைச் சோதனைக்கு அது உதவாது. ஆக்டினின் எடையோ ஏறத்தாழ 42 கிலோடால்டன். தேடும் புரதமும் அவ்வெடையினதாயின், பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்துவிடும்.