பகிரங்க வோட்டும் மறைந்த உண்மையும்

ஸ்தல ஸ்தாபனங்கள் செலவிடும் பணம் வரி கொடுப்போரின் பணம். நகரசபையின் சிப்பந்தி ஒருவர் இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தால், அதன் பாரமும் முடிவில் அவர்கள் தலையிலேயே விழுகிறது. ஆகவே, வழக்குகளை ராஜி செய்துகொள்ளும் தீர்மானங்கள் ஜனங்கள் அறிய நிறைவேறவேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யம் 1953-ல் இயற்றிப் பின்னர் திருத்தியுள்ள பிரவுன் சட்டம் இதற்கு ஒரு நடுவழியை வகுத்திருக்கிறது. வழக்கைப் பற்றி வக்கீலுடன் ஆலோசிக்கச் சபையார் கதவை அடைத்துக்கொள்ளலாம்; ராஜி முடிவானபின் அதன் சாரத்தைக் கேட்பவர்களுக்குத் தெரிவித்தே தீரவேண்டும். தன் பலவீனத்தை எதிரிக்குக் காட்டிவிட்டு எவரும் பேரம் பேச முடியாதாகையால், இந்த ஏற்பாடு நியாயமானதே.

ஆனால், பகிரங்கமாக வோட்டெடுத்தால் மட்டும் போதுமா? போதாதென்பதற்குச் சிக்காகோ நகரமே சாட்சி. 2014 அக்டோபரில் அங்கே 17 வயதுள்ள கறுப்பின வாலிபன் ஒருவனைப் போலீஸ்காரர் ஒருவர் 16 முறை சுட்டுக் கொன்றார். கத்தியுடன் பாய வந்தான் என்று போலீஸ் தரப்பில் கூறப்பட்டது. 2015 ஏப்ரலில், குடும்பத்தார் பிராது கொடுக்குமுன்பே, 50 லட்சம் டாலர் கொடுத்து ராஜி செய்ய நகரசபை சம்மதித்தது. ஆதரவு 47, எதிர்ப்பு ஒன்றுமில்லை, விவாதமும் இல்லை. சட்டத்தின் எழுத்துக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆயினும், சம்பவத்தைக் காட்டும் போலீஸ் வண்டியின் படப்பதிவு பொதுஜனங்கள் கண்ணில் படாமல் வைக்கப்பட்டிருந்தது. நீதிபதி உத்தரவிட்ட பிறகே நவம்பர் 24-ந் தேதி அது வெளிவந்தது. வாலிபன் விலகி நடந்துகொண்டிருந்ததை உலகம் கண்டது. அன்றே போலீஸ்காரர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2018-ல் ஜூரிகள் அவரைக் குற்றவாளியெனத் தீர்மானித்தனர்.

பகிரங்கத்துக்கும் ஒரு விலை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. 2021 மார்ச்சில், ஜார்ஜ் பிளாய்டின் குடும்பத்தாருக்கு 2 கோடியே 70 லட்சம் டாலர் கொடுக்க மினியாபொலிஸ் நகரசபை ஏகமனதாக அங்கீகரித்தது. அவரைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட போலீஸ்காரரின் விசாரணைக்கு அப்போதுதான் ஜூரிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். செய்தியைக் கேட்டு மனம் சாய்ந்த இரு ஜூரிகளை நீதிபதி விலக்க நேர்ந்தது. எனினும் சில தினங்களில் காரியம் சரிப்பட்டு, விசாரணை நடந்தது. சிக்காகோவிலோ, மறைத்து வைத்த உண்மை வெளிவந்ததும் ஊர் கொதித்தது. போலீஸ் தலைவர் பதவியிழந்தார். நகரசபையின் வார்த்தையில் ஜனங்களுக்கிருந்த நம்பிக்கையும் குலைந்தது.

ஆகவே, ராஜித் தீர்மானம் சபைமுன் வரும்போது நான்கு கேள்விகள் எழவேண்டும். நடந்தது என்ன? செய்தவர் யார்? ருஜு எங்கே? இனி இவ்வாறு நேராமலிருக்கச் செய்த ஏற்பாடு யாது? இவற்றுக்கு விடை வரும்வரை வோட்டுக் கொடுக்க மறுப்பது அங்கத்தினரின் கடமை. அவ்வாறு மறுக்கும்படி அவர்களை வற்புறுத்துவது பிரஜைகளின் கடமை.