மிளகாய்ச் செடி இலை எந்தப் பக்கம் சுருளுது?



நம்ம விக்கிரவாண்டியில நிறைய வீட்டுல உடைஞ்ச குடத்துலயோ, சிமெண்ட் சாக்குலயோ ஒரு மிளகாய்ச் செடி இருக்கும். இலை சுருண்டுச்சின்னா "கண்ணு பட்டுடுச்சி"ன்னு சொல்வாங்க. இல்லன்னா "வைரஸ், புடுங்கிப் போடு"ம்பாங்க. ரெண்டுமே அவசரம். முதல்ல இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்குன்னு பாருங்க.

படகு மாதிரி மேல் நோக்கிச் சுருண்டா அது இலைப்பேன் வேலை. கொழுந்துக்குக் கீழே வெள்ளைத்தாள் பிடிச்சுத் தட்டினா, மஞ்சளா ஊசிமுனை அளவுல விழுந்து ஓடும். வெயில் காலத்துல தொல்லை அதிகம். இந்தப் பேனுக்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் புது இனம் 2021-இல் தெலங்கானா, ஆந்திராவில் பூவையே தின்று மிளகாய் வயல்களை நாசமாக்கியது.

கவிழ்த்த படகு மாதிரி கீழ் நோக்கிச் சுருண்டு, இலைக்காம்பு நீளமா வந்தா மஞ்சள் சிலந்தி. பேருதான் சிலந்தி, வலையெல்லாம் பின்னாது. கண்ணுக்கே தெரியாது. அறிவியல் டீச்சர் கொடுத்த லென்ஸ்ல பார்த்தப்போதான் இலைக்கு அடியில ஏதோ நகர்ந்தது.

இலை சிறுத்து, சுருங்கி, மஞ்சள் பூத்து, கணுக்கள் நெருங்கிச் செடியே குட்டையா நின்னா, அதுதான் வைரஸ். பரப்புறது வெள்ளை ஈ. இதுக்கு மருந்து கிடையாது. அந்தச் செடியை மட்டும் பிடுங்கணும், பக்கத்துச் செடி பிழைக்கும்.

எங்க வீட்டுல 6 செடியில 4 சுருண்டதும், அம்மா ஆறையும் பிடுங்கப் போனாங்க. தட்டிப் பார்த்தா மூணுல பேன், ஒண்ணுலதான் வைரஸ்.

பேனுக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடிச்சு, துணியில கட்டி, 1 லிட்டர் தண்ணியில ராத்திரி முழுக்க ஊறவெச்சுப் பிழிஞ்சு வடிகட்டுங்க. கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலத்துல இலையோட அடிப்பக்கம் நனையத் தெளிக்கணும். சிலந்திக்கு உரக்கடையில நனையும் கந்தகம் கிடைக்கும், அளவு பாக்கெட்டுலயே போட்டிருக்கும். வேப்பெண்ணெய் அடிச்ச கையோட கந்தகம் அடிச்சா இலை பொசுங்கிடும், ஜாக்கிரதை!

சுருண்ட பழைய இலை நிமிராது. அதைப் பார்த்து மனசு விட்டுடாதீங்க. புதுக் கொழுந்து நேரா வருதான்னு மட்டும் கவனிங்க. அப்பவும் சந்தேகம்னா, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்துல ஒரு கிளையைக் காட்டிக் கேட்கலாம்.

ஆனி, ஆடியில வேப்பமரத்தடியில கொட்டை சும்மாவே கொட்டிக் கிடக்கும். பொறுக்கி நிழல்ல காயவெச்சுக்கோங்க.

- 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி