உரிமைச் சொல்லின் எல்லை

புதுப்பொருள் கண்ட ஒருவன், அதனைப் பிறர் செய்யாவண்ணம் சில காலம் தடுக்கும் உரிமையை அரசினரிடம் பெறுகின்றான். இதனைப் பேட்டண்டு என்பர். அவ்வுரிமையின் எல்லை யாது? உரிமைக் கோரிக்கை என்னும் வாக்கியமே அதன் எல்லை. அவ்வாக்கியத்தின் ஒவ்வோர் அடைமொழியும் ஒரு வரையறையாம். அவ்வரையறைகள் அனைத்தும் முன்னைப் பொருளொன்றில் ஒருங்கே காணப்படின், புதுமையின்மையாற் கோரிக்கை வீழும். ஒன்று குறையினும் அக்குற்றம் சாராது. எளிதிற் கருதத்தக்கதோ என்பது வேறு ஆராய்ச்சி.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் அடக்குதல் தளவிளைவு எனப்படும். 1852இல் இங்கிலாந்து தேசத்துப் பிரிஸ்டல் நகர வைத்தியர் ஹெராபாத் என்பார், கொயினாவும் அயோடினும் சேர்ந்த ஒருவகைப் படிகம் இதனைச் செய்யக் கண்டார். அதுவோ எளிதில் நொறுங்குவது. பெரிதாக வளர்த்தற்கும் அரிது. 77 ஆண்டு கழிந்து, 1929இல், அமெரிக்க இளைஞர் எட்வின் லாண்ட், பிரீட்மன் என்பாருடன் கூடி உரிமைக்கு விண்ணப்பித்தார். பெரும்படிகம் ஒன்றை நாடாது, எண்ணிறந்த நுண்படிகங்களை ஒரு திசைநோக்கி நிறுத்துவதே அவர் கண்ட வழி. 1933இல் உரிமை கிடைத்தது.

விளக்கத்தின்பொருட்டு நாமே ஒரு கோரிக்கை அமைப்போம். 'தளவிளைவு தரும் படிகமுடைய பொருள்' என்றால், ஹெராபாத்தின் படிகமே எதிர்ச்சாட்சியாகும். 'நுண்படிகம் பல', 'ஒரு திசை நோக்கியன', 'ஒளிபுகு படலத்திற் பதிந்தன' எனக் கூட்டினால் கோரிக்கை பிழைக்கும். ஆயின் அதற்கு விலையுண்டு. 1938இல் லாண்டே, பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி அயோடினை ஊட்டி, நுண்படிகமில்லாத வேறொரு படலம் செய்தார். நம் கோரிக்கைச் சொற்களை நேரே கொள்ளின், அது வேலிக்குப் புறத்ததாம்.

தருக்க நூலார் இலக்கணத்திற்குக் கூறும் அதிவியாப்தி, அவ்வியாப்தி என்னும் குற்றங்கள் ஈண்டு நினைக்கத்தக்கன. மிக விரியின் பழையதை விழுங்கி அழியும். மிகச் சுருங்கின் போலி செய்வோன் தப்புவான். பழையதை விலக்கச் சுருங்கிய பொருளும், பிறனைப் பிடிக்க விரிந்த பொருளும் ஒரே சொல்லுக்குக் கொள்ளலாகாது. அச்சொற்பொருளைத் துணிதல் ஜூரிமாரின் வேலையன்று, நீதிபதியின் கடமையே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது.

ஹெராபாத் கண்டது உலகோரின் பொதுப்பொருள்; லாண்ட் கண்டது அவர் உழைப்பின் பயன். இரண்டினையும் பிரித்துக் காப்பவை சில அடைமொழிகளே. சொல்லாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதென்று நகைக்கும் நண்பர்க்கு, தமிழ் பயிலும் நாம் இதனையே விடையாகக் கூறுவோம்.