அண்டை வீட்டு இணையம்



சேலம் அம்மாபேட்டையைச் சூழ்ந்த சிற்றூர்களில் பங்குக் கிணறுகள் பலவற்றை நீங்கள் கண்டிருப்பீர்கள். உடன்பிறந்தார் நிலத்தைப் பாகம் செய்துகொண்டனர்; கிணற்றைப் பாகம் செய்ய இயலவில்லை. ஆகவே நேரத்தைப் பாகம் செய்தனர். இன்று அண்ணன் முறை. நாளை தம்பி முறை. முறை தவறினால் கிணற்றில் சேறுதான் மிஞ்சும். ஒரு வீட்டின் இணைய இணைப்பை அண்டை வீட்டாரும் பயன்படுத்தும் செய்தியும் இத்தகையதே.

ஒளியிழைக் கம்பி வீட்டுக்குள் ஒரு சிறு பெட்டியில் வந்து முடிகின்றது. அப்பெட்டியை ரௌட்டர் என்கிறோம். அது வானொலி அலைகளாகச் செய்தியை நாற்புறமும் பரப்புகின்றது. அதுவே வைஃபை. இணைப்பின் வேகம் வினாடிக்கு 40 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். காணொளிப் பாடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 மெகாபிட் போதும். தெளிவான திரைப்படம் ஒன்றுக்கு 5 மெகாபிட் வேண்டும். பத்து வீட்டார் ஒரே வேளையில் படம் பார்த்தால் 50 வேண்டும்; இருப்பதோ 40.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச இயலும். தொலைவிலும் சுவர்களுக்கு அப்பாலும் உள்ள கருவிக்கு அலை மெலிந்து சேர்வதால், அது தன் செய்தியை மெல்லமெல்லவே அனுப்புகின்றது. வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒரு சிறுவன், மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள்வது போன்றது இது. அருகிலிருப்போரும் காத்திருக்கவேண்டியதாகின்றது.

இதனை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. 2020-ஆம் ஆண்டில் கல்விக்கூடங்கள் மூடப்பட்டிருந்தபோது, அடுத்த வீட்டு நெசவாளரின் மகள் எங்கள் திண்ணையில் அமர்ந்து கல்லூரிப் பாடம் கேட்டாள். மகிழ்ச்சியோடு கடவுச்சொல்லைக் கொடுத்தேன். அது வாய்வழியே தெருவெங்கும் பரவிற்று. இணைப்பு நத்தையாய் ஊர்ந்தது. ஒருநாள் இரவு சினங்கொண்டு, எவரிடமும் சொல்லாமல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். மறுநாள் மாலை அப்பெண் வந்தாள். "சார், காலையில் தேர்வு இருந்தது, எழுத முடியவில்லை" என்று மட்டும் சொன்னாள். குறை கூறவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறருக்கு ஒழுங்கு கற்பித்த நான், அன்று தலை குனிந்தேன். கொடுத்தது பிழையன்று, முறை வகுக்காமல் கொடுத்ததும், சொல்லாமல் நிறுத்தியதுமே பிழை.

பின்னர் முறை வகுத்தோம். ரௌட்டரில் விருந்தினர்க்கென்று தனி இணைப்பு அமைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு. அதற்கு வேறு கடவுச்சொல் இட்டோம். பாட நேரத்தில் எவரும் படம் பார்ப்பதில்லை என்று உடன்பட்டோம். தேர்வு நாட்களை ஒரு தாளில் எழுதித் திண்ணைச் சுவரில் ஒட்டினோம்.

ஆயினும் கடவுச்சொல்லின்றித் திறந்து வைப்பது அறமாகாது, இடராகும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரது காப்பற்ற வைஃபையின் வழியே அனுப்பப்பட்டிருந்தது. காவல் துறையினர் அவ்வீட்டுக் கதவையே தட்டினர். மேலும், வீட்டுப் பயனுக்கென்று வாங்கிய இணைப்பைக் காசுக்கு விற்பதை நிறுவன ஒப்பந்தங்கள் பொதுவாகத் தடுக்கின்றன. ஒப்பந்தத்தைப் படித்தறிதல் வேண்டும்.

முறையாகப் பகிர்வதற்கும் வழி உண்டு. 2020 டிசம்பர் 9 அன்று நடுவணரசு 'பி.எம். வாணி' திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அதன்படி மளிகைக் கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் உரிமமோ பதிவுக் கட்டணமோ இன்றித் தம் கடையில் பொது வைஃபை நடத்தலாம். பயன்படுத்துவோர் தம் கைபேசி எண்ணால் தம்மை உறுதி செய்துகொள்வர். முன்னாளில் எஸ்.டி.டி. தொலைபேசிச் சாவடிகள் ஊர்தோறும் இருந்தனவல்லவா? அவற்றின் பேரன் என்று இதனைக் கூறலாம்.

ஓர் இணைப்பால் பல ஊர் பயன்பெற்ற வரலாறும் நம் அருகிலேயே உண்டு. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் சிற்றூர் அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூர் மையத்திலிருந்து செய்திகள் பிற ஊர்களுக்குச் சென்றன. வீராம்பட்டினத்தில் கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை ஒலிபெருக்கியில் அறிவித்தனர். கணிப்பொறியைத் தொட்டறியாத மீனவரும் அதனைக் கேட்டுக் கடலுக்குப் போவதா, வேண்டாவா என்று முடிவு செய்தனர்.

இணையத்தைப் பெறும் உரிமை, கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர்நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. விடுதியில் கைபேசிக்கு விதித்த கட்டுப்பாட்டை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. உரிமை உண்டென்று நீதிமன்றம் சொல்லலாம். அது வீட்டு வாயிலுக்கு வந்துசேரும் வரையில் அண்டை வீட்டார்தாம் துணை.

ஆகவே, மாணவர்களே, உங்கள் வீட்டில் இணைப்பு இருந்தால், அடுத்த வீட்டில் படிக்கும் பிள்ளை உண்டா என்று பாருங்கள். பெற்றோரிடம் கேட்டு, முறை வகுத்துக் கொடுங்கள். நிறுத்த நேர்ந்தால், முந்திய நாளே சொல்லிவிடுங்கள்.