புளோரோகார்பன் தூண்டில் நரம்பு: தேர்வும் சோதனையும்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள ஏரிகளையும் மெதுவாக ஓடும் ஆறுகளையும் தாயகமாகக் கொண்டது அகன்ற வாய்ப் பாஸ் மீன். நீர்த்தாவரங்களின் ஓரத்திலும், மூழ்கிக் கிடக்கும் மரக்கட்டைகளின் நிழலிலும் பதுங்கியிருந்து, அருகில் வரும் சிறு மீனை ஒரே பாய்ச்சலில் விழுங்குவது இதன் இயல்பு. தூண்டில் முள் தைத்தவுடன் இம்மீன் நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். இன்றேல், தான் பதுங்கியிருந்த கட்டைகளுக்குள் மீண்டும் பாயும். அப்போது மீனையும் தூண்டிற்கோலையும் இணைத்து நிற்பது ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு நரம்பு மட்டுமே.

அந்நரம்பு அறுந்தால் மீன் தப்பிப் பிழைத்தது என்று எண்ணிவிடுதல் தவறு. வாயில் தைத்த முள்ளோடும், பின்னால் இழுபடும் நரம்போடும் அது திரிய நேரிடுகிறது. நரம்பு கட்டைகளில் சிக்கி மீனைக் கட்டிப்போடலாம். நீர்ப்பறவைகளின் கால்களையும் சுற்றிக்கொள்ளலாம். ஆகவே, நரம்பைத் தேர்ந்தெடுப்பது தூண்டிற்காரரின் வெற்றி தோல்வியை மட்டும் பொறுத்ததன்று. விற்பனை அட்டையில் அச்சிட்டுள்ள சொற்களில் எவை மெய், எவை மிகை என்பதை எளிய சோதனைகளால் கண்டறியலாம். அவற்றுக்கு வேண்டிய கருவிகள் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்திலேயே கிடைப்பவை.

பட்டிலிருந்து புளோரோகார்பன் வரை

முன்னாளில் தூண்டில் கயிறுகள் பட்டு, சணல்நார் போன்ற இயற்கை இழைகளால் ஆனவை. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1938ஆம் ஆண்டு நைலானை உலகுக்கு அறிவித்தபின் நிலைமை மாறியது. ஒற்றை இழையாக இழுக்கப்பட்ட நைலான் நரம்பு, நாளடைவில் பழைய கயிறுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டு மீனவர் தங்கூசி என வழங்குவதும் இத்தகைய ஒற்றை இழை நரம்பையே.

பாஸ் மீன் பிடிக்கும் போட்டிகள் அமெரிக்காவில் முறையாக வளரத் தொடங்கியது 1967ஆம் ஆண்டில். அவ்வாண்டு ரே ஸ்காட் என்பார் ஆர்க்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ஒரு பெரும் போட்டியை நடத்தினார். 1972 முதல், பிடித்த மீனை உயிருடன் நீரில் திரும்ப விடும் வழக்கத்தை அவர் தொடங்கிய சங்கம் பரப்பியது. இதற்கிடையே, 1971ஆம் ஆண்டு ஜப்பானின் குரேஹா நிறுவனம் புளோரோகார்பன் நரம்பை வெளியிட்டது. முதலில் இது விறைப்பு மிகுந்ததாய் இருந்ததால், முள்ளை ஒட்டிய முன்னிழையாக மட்டும் பயன்பட்டது. மென்மையான வகைகள் பின்னர் வந்தபோது, ரீல் முழுவதும் சுற்றும் நரம்பாகவும் பாஸ் தூண்டிற்காரர் இதனை ஏற்றுக்கொண்டனர்.

நைலானும் புளோரோகார்பனும்

தூண்டில் நரம்பில் புளோரோகார்பன் எனப்படுவது பாலிவினைலிடின் புளோரைடு என்னும் பிளாஸ்டிக் ஆகும். கார்பன், ஹைட்ரஜன், புளோரின் ஆகிய மூன்று தனிமங்களால் ஆன நீண்ட சங்கிலி மூலக்கூறு இது. இதன் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.78; நைலானுடையது 1.14. நீரில் ஊறிய நைலான் தன் எடையில் நூற்றுக்குச் சில பங்கு நீரை உறிஞ்சி, அதனால் வலிமையில் ஒரு பகுதியை இழக்கும். புளோரோகார்பனோ நீரை உறிஞ்சுவதில்லை என்றே கூறலாம். காலையில் இருந்த வலிமை மாலையிலும் மாறாமல் இருப்பது இதன் சிறப்புகளுள் ஒன்று.

‘கண்ணுக்குத் தெரியாத நரம்பு’ என்னும் விளம்பரத்தை இனி ஆராய்வோம். ஒரு பொருளின் ஒளி விலகல் எண், அதனைச் சூழ்ந்த ஊடகத்தின் எண்ணை எவ்வளவு நெருங்குகிறதோ, அவ்வளவுக்கு அப்பொருள் கண்ணுக்கு மறையும். நீரின் எண் 1.33, புளோரோகார்பனின் எண் 1.42, நைலானின் எண் ஏறக்குறைய 1.53. செங்குத்தாக விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கைக் கணிக்க, இரு எண்களின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வரும் ஈவை வர்க்கப்படுத்த வேண்டும். இவ்வாறு கணித்தால், நீருக்குள் நைலான் பரப்பிலிருந்து ஆயிரத்தில் 5 பங்கு ஒளியும், புளோரோகார்பன் பரப்பிலிருந்து ஆயிரத்தில் 1 பங்கு ஒளியும் மீள்கின்றன. ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது உண்மை. முற்றும் மறைந்தது என்பது உண்மையன்று. நரம்பின் நிழலும், அதில் ஒட்டிய பாசியும், முடிச்சும் எப்போதும் மீனின் கண்ணுக்குத் தெரியக்கூடியவை.

இக்கருத்தை வகுப்பில் விளக்க, ஆசிரியர் ஒரு கண்ணாடிக் கோலை முதலில் நீரிலும் பின்னர் கிளிசரினிலும் அமிழ்த்திக் காட்டலாம். கிளிசரினின் விலகல் எண் 1.47. வெப்பம் தாங்கும் ஆய்வகக் கண்ணாடியின் எண்ணும் ஏறக்குறைய அதுவே. நீரில் தெளிவாகத் தெரியும் கோல், கிளிசரினில் பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஐந்து சோதனைகள்

முதலாவது, பொருளின் மெய்ம்மை. நைலான் நரம்பின்மீது புளோரோகார்பன் பூச்சு மட்டும் பூசிய வகைகளும் கடைகளில் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள பெயரை மட்டும் படிப்பவர் ஏமாற நேரும். 100 மில்லிலிட்டர் நீரில் சுமார் 36 கிராம் சமையல் உப்பைக் கரைத்தால் செறிந்த உப்புநீர் கிடைக்கும்; அதன் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.2. நரம்பின் சிறு துண்டைச் சோப்பு நீரில் நனைத்து, ஒட்டிய காற்றுக் குமிழிகளை நீக்கி, உப்புநீருக்குள் அமிழ்த்திவிட வேண்டும். நைலான் மேலே மிதக்கும். முழுப் புளோரோகார்பன் அடியில் தங்கும். பாலியெத்திலீன் பின்னல் நரம்பு வெறும் நீரிலேயே மிதக்கும்.

இரண்டாவது, விட்டம். நரம்பை அறுக்க வேண்டிய பளுவை அமெரிக்க அட்டைகள் பவுண்டுக் கணக்கில் குறிக்கின்றன. 10 பவுண்டு என்பது 4.54 கிலோகிராம். நரம்பைத் தடிப்பாக்கியும் இந்த எண்ணை உயர்த்திவிடலாம். 0.27 மில்லிமீட்டர் நரம்பைவிட 0.30 மில்லிமீட்டர் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நூற்றுக்கு 23 பங்கு மிகுதி. ஆகவே, பவுண்டு எண் ஒத்த இரு நரம்புகளை ஒப்பிடுவதைவிட, விட்டம் ஒத்த இரு நரம்புகளை ஒப்பிடுதலே முறை. திருகு அளவி இல்லாத இடத்தில், பென்சிலின்மீது 20 சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றி, மொத்த அகலத்தை 20ஆல் வகுத்தால் போதும்.

மூன்றாவது, அறுபளு. வழவழப்பான ஓர் உருண்டைக் கோலைப் படுக்கையாக இறுகக் கட்டி, நரம்பின் ஒரு நுனியை அதில் பல சுற்றுகள் சுற்றி நிறுத்த வேண்டும். மறுநுனியை அவ்வாறே ஒரு குறுங்கோலில் சுற்றி, அதிலிருந்து வாளியைத் தொங்கவிட வேண்டும். வாளி தரைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் இருத்தல் நலம்; கீழே சாக்கு விரிப்பதும், சோதனை செய்பவர் முகத்தை விலக்கிக்கொள்வதும் இன்றியமையாதவை. வாளியில் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, நரம்பு அறும்போது உள்ள நீரின் அளவோடு வாளியின் எடையையும் கூட்ட வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். ஐந்து முறையேனும் செய்து, சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் குறித்துக்கொள்ள வேண்டும். பெரிய மீன் நரம்பின் சராசரியைச் சோதிப்பதில்லை. அதன் வலுக் குறைந்த இடத்தையே சோதிக்கிறது. இரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்த நரம்பிலும் இச்சோதனையைச் செய்தால், நைலானுக்கும் புளோரோகார்பனுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

நான்காவது, முடிச்சு. பாஸ் தூண்டிலில் நரம்பு பெரும்பாலும் அறுவது முடிச்சிலேதான். பாலிவினைலிடின் புளோரைடு உருகும் வெப்பநிலை ஏறக்குறைய 170 டிகிரி செல்சியஸ். நைலான் வகைகள் இதனினும் மிகுந்த வெப்பத்திலேயே உருகுகின்றன. உலர்ந்த முடிச்சை விரைந்து இழுத்தால், உராய்வு வெப்பத்தால் நரம்பின் மேற்பரப்பு கெடும். ஆதலின், முடிச்சை நீரால் நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். நனைத்து இறுக்கிய முடிச்சு ஐந்தும், உலர இறுக்கிய முடிச்சு ஐந்தும் வாளியில் சோதிக்கப்படட்டும். முடிச்சில்லா நரம்பு 6 கிலோகிராமிலும், முடிச்சிட்டது 4.5 கிலோகிராமிலும் அறுவதாகக் கொண்டால், முடிச்சின் திறன் நூற்றுக்கு 75. உண்மையில் தூண்டிற்காரர் நம்பத்தக்க எண் இதுவே, அட்டையில் காண்பதன்று.

ஐந்தாவது, நீட்சி. புளோரோகார்பன் நீளாது என்பது பரவலான நம்பிக்கை. ஒரு மீட்டர் நரம்பில் ஒரு கிலோகிராம் எடையை ஐந்து நிமிடம் தொங்கவிட்டு நீளத்தை அளந்தால், அதுவும் நீள்வதைக் காணலாம். சிறு இழுப்புகளுக்கு இது விறைப்பாக நிற்பதால், மீன் இரையைத் தொட்ட அதிர்வு கைக்குத் தெளிவாக வந்து சேர்கிறது. எடையை எடுத்தபின்னும் மீண்டும் அளக்க வேண்டும். பழைய நீளத்துக்குத் திரும்பாத நரம்பு உள்ளே தளர்ந்துவிட்டது. கட்டையில் மாட்டிக்கொண்டு வலிந்து இழுக்கப்பட்ட பகுதியை வெட்டி நீக்கிவிடுவது இக்காரணம் பற்றியே.

எவ்விடத்துக்கு எந்நரம்பு

நரம்பின் குணம் தெரிந்தால் பயன் தானே தெளிவாகும். நீர்ப்பரப்பின்மேல் மிதந்து ஆடவேண்டிய பொய் இரைக்குப் புளோரோகார்பன் ஏற்றதன்று. அது தானும் அமிழ்ந்து இரையின் தலையையும் கீழே இழுக்கும். அங்கு நைலானே நல்லது. ஆழத்தில் நீந்தும் பொய் இரைக்கும், அடித்தரையில் மெல்ல நகர்த்தும் ரப்பர்ப் புழுவுக்கும் புளோரோகார்பன் பொருந்தும். தெளிந்த நீரில் சிறு இரைகளுக்கு 6 முதல் 8 பவுண்டு நரம்பும், ஆழ்ந்து நீந்தும் இரைகளுக்கு 10 முதல் 12 பவுண்டும், கட்டைகள் நிறைந்த இடத்தில் 15 முதல் 20 பவுண்டும் வழக்கில் உள்ளன. அடர்ந்த நீர்த்தாவரங்களுக்கிடையே பாலியெத்திலீன் பின்னலே மேம்பட்டது. கலங்கிய நீரில், கண்ணுக்கு மறையும் தன்மைக்காக மிகுந்த விலை கொடுப்பதில் பயன் சிறிதே.

நீடித்து உழைக்கும் பொருளின் மறுபக்கம்

புளோரோகார்பன் நீரை உறிஞ்சாது. வெயிலுக்கும் எளிதில் கெடாது. ரீலில் இருக்கும்வரை இவை நற்குணங்கள். ஏரியில் விழுந்தபின் இவையே தீங்காகின்றன. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2021ஆம் ஆண்டு வகுத்த வரையறையின்படி, சூழலில் நெடுங்காலம் அழியாதிருக்கும் புளோரின் சேர்மங்களின் பெருங்குடும்பத்துள் இப்பொருளும் அடங்கும். எனவே, வெட்டிய துண்டுகளையும் பழைய சுருள்களையும் நீரிலோ கரையிலோ எறியாமல் ஒரு டப்பாவில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருதல் கடமையாகும்.

1932ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸ் மீன் உலகச் சாதனையாயிற்று; நைலான் நரம்பு பிறவாத காலம் அது. 2009ஆம் ஆண்டு ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன்தான் பின்னர் அச்சாதனைக்குச் சமமாக ஏற்கப்பட்டது. புதிய பொருள் வந்ததனால் மட்டும் பெரிய மீன் கைக்கு வந்துவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று. விலையுயர்ந்த நரம்பை வாங்கி முடிச்சை உலர இறுக்குபவரைவிட, சாதாரண நரம்பை வாளியில் சோதித்து, முடிச்சை நனைத்து இறுக்கி, தேய்ந்த முனையை அவ்வப்போது வெட்டிவிடுபவரின் மீனே கரை சேர்கிறது; முள் நீக்கப்பட்டு, நலமாக நீருக்கும் திரும்புகிறது.