ஏற்காடு குளிருக்கு டீ போதும்!

ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து 'ஏற்காடு போறோம்' என்றால், சேர்வராயன் கோயிலில் கும்பிடத்தான் போகிறார்கள் என்று யாரும் நம்புவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பையில் பாட்டில்கள் கிணுகிணுக்கும். கேட்டால், 'குளிருக்கு சார்!' உண்மையில் மது தோலுக்குக் கதகதப்புக் காட்டிவிட்டு, உடம்புச் சூட்டைக் குறைத்துவிடும். இது டாக்டர்கள் சொல்வது.

அப்படி ஒரு கோஷ்டியோடு நானும் போனேன். கூடவே, குடியை நிறுத்தி எட்டு மாதமான நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணி. ரூமில் மூடி திறக்கிற சத்தம்.

"ஒரே ஒரு ரவுண்டு மாப்ளே! மலை மேல குடிச்சா கணக்குல வராது!"

நண்பர் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன். ஏரிக்கரை டீக்கடையில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம். மூன்று டீ.

"யார் அது?" என்றேன்.

"எங்க குரூப்ல ஒருத்தர். அவரும் என்னை மாதிரி குடியை விட்டவர்தான். 'கட் பண்ணாதீங்க, பேசிக்கிட்டே இருங்க'ன்னார். கடைசில அவரே எனக்கு தேங்க்ஸ் சொல்றார்! 'இன்னிக்கு எனக்கும் மனசு சரியில்லை. உங்ககிட்ட பேசினதுல நானும் தப்பிச்சேன்'கிறார்."

உதவி செய்தவரே நன்றி சொல்கிற விநோதம்! அதன் வேர் அமெரிக்காவில் இருக்கிறது.

1935 மே மாதம். ஆக்ரன் நகர ஓட்டல் ஒன்றில் பில் வில்சன் என்ற பங்குச் சந்தைக்காரர் தவித்துக்கொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரமோ கவிழ்ந்துவிட்டது. ஒரு பக்கம் பார், மறு பக்கம் டெலிபோன். மனிதர் டெலிபோனை எடுத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார். கிடைத்தவர் பாப் ஸ்மித், ஒரு சர்ஜன்! 'கால் மணி நேரம்தான்' என்று வந்தவர், ஆறு மணி நேரம் பேசினார். அந்த ஜூன் 10-ம் தேதி டாக்டர் குடித்ததே கடைசி. 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' பிறந்த நாளும் அதுதான். சாகும்வரை இருவரும் மதுவைத் தொடவில்லை.

இந்தக் கூட்டங்களில் கட்டணம் கிடையாது. முழுப் பெயர் சொல்ல வேண்டாம். ஆயுசுக்கும் சத்தியம் செய்யவும் வேண்டாம். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் சரி. நாளைக் கதை நாளைக்கு!

ஏற்காடு இருக்கிற சேலம் மாவட்டமும் இதே பாடத்தை அந்தக் காலத்திலேயே படித்திருக்கிறது. 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கு கொண்டுவந்தது இங்கேதான். கடையை மூடியதோடு விடவில்லை. சாயங்கால வேளைக்கு பஜனை, விளையாட்டு, டீக்கடை என்று மாற்று ஏற்பாடுகளும் நடந்தன. கள்ளுக்கடைக்குப் போகிறவன் கள்ளை மட்டுமா தேடிப் போகிறான்? கூட்டாளியையும்தானே!

சட்டம் வரும், போகும். 1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. ஆனால் சாயங்காலம் ஆறு மணி தினமும் வருகிறதே! அந்த நேரத்துக்குப் பேச ஓர் ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நாள்கணக்கில் மொடாக்குடியாக இருப்பவர்கள் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு, பிரமை எல்லாம் வரலாம். முதலில் டாக்டர், பிறகு கூட்டம். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே ஏற்பட்டது.

கடைசியாக, என்னைப் போன்ற கூட்டாளிகளுக்கு ஒரு வார்த்தை. 'வேண்டாம்ப்பா' என்று ஒருவன் சொல்ல எத்தனை ராத்திரி அழுதிருப்பானோ, நமக்குத் தெரியாது. வற்புறுத்தி ஊற்றுவதற்குப் பெயர் நட்பு இல்லை. அவன் கிளாஸை நிரப்பாதீர்கள். அவன் போன் அடித்தால், உடனே எடுங்கள்!