மரக்காணம் உப்பும் பாலைவனத் தூசியும்... ஒரு மேகத்துக்குள் என்னதான் நடக்கிறது?

'மாவு விக்கப் போனா காத்தடிக்குது, உப்பு விக்கப் போனா மழை பெய்யுது'ன்னு வீட்டுப் பெரியவங்க அலுத்துக்கிறதைக் கேட்டிருப்பீங்க. அந்த அலுப்பு நல்லாவே புரியும் ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழியா புதுச்சேரி போகும்போது வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்குமே, அந்த உப்பளங்கள்தான். ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து, உப்புநீர் பாய்ச்சி, வெயிலை நம்பிக் காத்திருப்பார்கள். வாரப்போகும் நேரத்தில் ஒரு கோடை மழை அடித்தால் போச்சு. விளைந்த உப்பு கரைந்துவிடும். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, அந்த மழை மேகம் உருவாவதிலேயே உப்புக்குப் பங்கு உண்டு. கூடவே, எங்கோ பாலைவனத்தில் கிளம்பிய தூசிக்கும் பங்கு இருக்கலாம்.

உப்பு செய்யும் வேலை

மழைக்காலத்தில் உங்கள் சமையலறை உப்பு ஜாடி கசகசன்னு நீர்த்துப் போகுதில்லையா? உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. கடல் அலை உடையும்போது சிதறும் நுண்ணிய உப்புத் துகள்களும் வானத்தில் இதையேதான் செய்கின்றன. ஈரம் அவற்றின் மேல் படிந்து மேகத்துளி ஆகிறது.

நம்ம ஊர் வானத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்திலேயே வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிடும். கோடை இடி மேகங்கள் அதையும் தாண்டி 12 கிலோமீட்டருக்கு மேல்கூட வளரும். அப்போ பூஜ்ஜியத்தைத் தாண்டியதும் எல்லாத் துளியும் ஐஸ் ஆகிடுமா? அதுதான் இல்லை. தூய்மையான நுண்துளிகள் மைனஸ் 38 டிகிரி வரைகூட உறையாமல் நீராகவே இருக்கும். உறைவதற்கு அவற்றுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். நீரில் கரைந்துவிட்ட உப்பால் அதைத் தர முடியாது. குல்ஃபி செய்யும்போது ஐஸோடு உப்பைக் கலப்பார்களே, அதுபோல உப்பு உறைவதைத் தள்ளித்தான் போடும்.

தூசி என்கிற நூல்

கற்கண்டுக்குள் ஒரு நூல் இருப்பதைப் பார்த்திருப்பீங்க. பாகில் நூலைத் தொங்கவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை படிகமாக வளரும். மேகத்தில் அந்த நூலின் வேலையைச் செய்வது தூசி. பாலைவன மண் நீரில் கரையாது. ஏறக்குறைய மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே போனதும், அதன் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் வரிசை கட்டி ஐஸாக மாறத் தொடங்கும். தூசியில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம்தான் இதில் கெட்டிக்காரன் என்று 2013-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு ஐஸ் துகள் உருவாகிவிட்டால், சுற்றியுள்ள துளிகளின் ஈரத்தை உறிஞ்சி வேகமாகப் பெருக்கும். கனம் கூடி விழும். வழியில் உருகி, மழையாக நம் தலையில் இறங்கும். செயற்கை மழைக்குச் சில்வர் அயோடைடு தூவுவதும் இதே தந்திரம்தான். அதன் படிக அமைப்பு ஐஸைப் போலவே இருப்பதை 1946-ல் பயன்படுத்திக் காட்டியவர் அமெரிக்காவின் பெர்னார்ட் வொன்னகட்.

தூசி அதிகமானால் மழையும் அதிகமா?

மார்ச் முதல் ஜூன் வரை தார் பாலைவனத்திலும் மேற்கு ஆசியாவிலும் எழும் தூசியைக் காற்று வெகுதூரம் கொண்டுபோகும். அது வங்காள விரிகுடா வரை வருவதைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்திருக்கின்றன.

ஆனால், 'தூசி வந்தா மழை' என்று முடிவு கட்டிடாதீங்க. தூசி அளவுக்கு மீறினால் இருக்கிற ஈரத்தை ஏகப்பட்ட துகள்கள் பங்குபோட்டுக்கொள்ளும். எல்லாமே சின்னதாக இருந்துவிட்டால் விழாது, மேலேயே மிதக்கும். வானத்தின் உச்சியில் பஞ்சு இழைத்தது போலத் தெரியும் சிர்ரஸ் மேகங்கள் முழுக்க ஐஸ் துகள்கள்தான். அவை பூமியின் வெப்பத்தைப் போர்வை போலப் பிடித்து வைக்கக்கூடியவை. திருப்பதி அருகே காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998 முதல் லேசர் ஒளியை வானத்துக்கு அனுப்பி இந்த மேகங்களை அளக்கிறார்கள். புனேவில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம், 2009-ல் மேகங்களுக்குள்ளேயே விமானத்தை அனுப்பி ஆராயத் தொடங்கியது.

இதெல்லாம் எதற்கு? ஒரு மேகம் எப்போது ஐஸாகும், எவ்வளவு கொட்டும் என்பதைக் கணிப்பது வானிலை ஆய்வில் இன்னமும் கடினமான பகுதி. அந்தக் கணிப்பு மேம்பட்டு, மழை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தால்கூடப் போதும். விளைந்ததை வாரிக் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடிவிடலாம். உப்பளத்தில் கூலிக்கு நிற்பவருக்கு அது பல நாள் உழைப்பு.

அடுத்த முறை மரக்காணத்தைத் தாண்டும்போது, உப்புக் குவியலை மட்டும் போட்டோ எடுக்காமல், மேலேயும் ஒருமுறை பாருங்க!